கிண்டிலா, டேப்பா? வாங்குமுன் ஒரு ஏ4 தாளை மடித்துப் பாருங்கள்

ஒரு ஏ4 தாளை எடுத்து நடுவில் ஒரு மடிப்பு மடியுங்கள். இப்போது கையில் இருப்பது ஏறக்குறைய 10.3 அங்குல இ-இங்க் கருவியின் (கிண்டில் போல, தாளில் அச்சிட்டது மாதிரித் தெரியும் ரீடர்) திரை. இன்னொரு மடிப்பு மடித்தால் 105 மில்லிமீட்டர் அகலம், 148 மில்லிமீட்டர் உயரம். 7 அங்குலக் கிண்டில் பேப்பர்ஒயிட்டின் திரை உயரத்தில் இதைவிட 6 மில்லிமீட்டர்தான் குறைவு. 6 அங்குலச் சாதாரணக் கிண்டில் இன்னும் சின்னது: 91க்கு 123. 10, 11 அங்குல டேப் எல்லாம் முதல் மடிப்பு அளவுதான், உயரம் மட்டும் கொஞ்சம் கூடும்.

கடையில் "கண்ணுக்கு நல்லது", "சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும்" என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வாங்கிய மூன்றாம் மாதம் கிண்டில் பீரோவுக்குள் போவதற்கும், டேப் பிள்ளைகளின் கேம் பெட்டியாக மாறுவதற்கும் காரணம் கண்ணோ பேட்டரியோ அல்ல. நீங்கள் படிக்கும் புத்தகம் எந்த மாதிரிக் கோப்பாக இருக்கிறது என்று முதலிலேயே பார்க்காததுதான் காரணம். அதனால் வடசென்னை வாசகர்களுக்கான இந்த வழிகாட்டி கோப்பில் தொடங்குகிறது, கருவி அதன் பிறகு.

படி 1: படிப்பதை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

கடந்த இரண்டு மாதம் நீங்கள் படித்ததையும், அடுத்த ஆறு மாதம் படிக்கப்போவதையும் ஒரு தாளில் எழுதுங்கள். விருப்பத்தை எழுத வேண்டாம், உண்மையில் படிப்பதை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றும் எந்தக் குவியல் என்று குறியுங்கள்.

முதல் குவியல், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மறுபடி அடுக்கிக்கொள்ளும் கோப்புகள். கிண்டில் கடையில் வாங்கும் நாவல்கள், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தின் இபப் கோப்புகள், தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை நூல்களிலிருந்து நீங்களே இறக்கிக்கொள்ளும் இபப், 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறை) பக்கங்கள் எல்லாம் இதில் சேரும்.

இரண்டாவது குவியல், பக்கம் அச்சடித்தபடி உறைந்து நிற்கும் பிடிஎஃப். பாடநூல் கழகத்தின் பள்ளிப் புத்தகங்கள், கோச்சிங் சென்டர் நோட்ஸ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும் பழைய நூல்களின் ஸ்கேன்.

மூன்றாவது குவியல், செயலிக்குள் மட்டுமே இருப்பது. வார இதழ்கள், நாளிதழ்களின் இ-பேப்பர், பாடப் புத்தகத்தின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் வரும் வீடியோ, மணற்கேணி போன்ற பாடச் செயலிகள்.

மூன்றாவது குவியல் பாதிக்கு மேல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டேப்தான். கிண்டிலில் கேமரா இல்லை, இந்தச் செயலிகள் ஓடாது. முதல் குவியல் பாதிக்கு மேல் என்றால் இ-இங்க் ரீடர். இழுபறி எல்லாம் இரண்டாவது குவியலில்தான். வடசென்னையில் கருவி வாங்க நினைப்பவர்களில் டிஎன்பிஎஸ்சி, ரயில்வே தேர்வுக்குப் படிப்பவர்கள் நிறைய. அவர்கள் கையில் இருப்பது அநேகமாக எல்லாமே பிடிஎஃப்.

படி 2: பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடையில் சோதியுங்கள்

இதற்கு ஆகும் செலவு சில ரூபாய்தான். உங்கள் பிடிஎஃப்பிலிருந்து நான்கு பக்கங்களைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டு சாதாரணப் பக்கம், ஒன்றில் அட்டவணை, ஒன்றில் வரைபடம். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, "ஒரு ஷீட்டில் நாலு பேஜ்" என்று சொல்லுங்கள். பரீட்சைக்கு முந்தைய நாள் மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பழகிய கை, விளக்கமே கேட்காது. வரும் தாளில் ஒவ்வொரு கால்பகுதியும் 7 அங்குலக் கிண்டிலில் அந்தப் பக்கம் தெரியும் அளவு. அதே பக்கங்களை "ஒரு ஷீட்டில் ரெண்டு பேஜ்" போட்டால் 10.3 அங்குல ரீடர், 11 அங்குல டேப் ஆகியவற்றின் அளவு.

அந்தத் தாளை வீட்டு வெளிச்சத்தில், ஒரு முழ தூரத்தில் வைத்து, இருபது நிமிடம் தொடர்ந்து படியுங்கள். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு "தெரியுதே" என்று சொல்லி முடித்துவிடக் கூடாது.

கணக்காகச் சொன்னால்: ஏ4 பக்கம் 6 அங்குலத் திரையில் 41 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி (பாயிண்ட், அச்செழுத்தின் அளவு) எழுத்து 5 புள்ளியாகும். 7 அங்குலத்தில் 48 சதவீதம், எழுத்து 6 புள்ளிக்கும் கீழே. 10.3 அங்குல ரீடரிலும், நீள அகல விகிதம் 16:10 உள்ள 11 அங்குல டேப்பிலும் 70 சதவீதம், எட்டரைப் புள்ளி. 10.9 அங்குல ஐபேடின் திரை கொஞ்சம் அகலம் என்பதால் 75 சதவீதம், 9 புள்ளி. தமிழில் 6 புள்ளிக்குக் கீழே போனால் முதலில் காணாமல் போவது மெய்யின் புள்ளி. அடுத்து "ரி"யும் "ரீ"யும் ஒன்றுபோலத் தெரியும். ஆங்கிலப் பிடிஎஃப்பைச் சின்னத் திரையில் சமாளித்தவர்கள்கூடத் தமிழில் திணறுவது இதனால்தான்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு, இரண்டுமே காசை மிச்சம் பிடிக்கும்.

முதலாவது, பழைய தமிழ் நாவல்களின் ஸ்கேன். அவற்றில் பல ஏ4 அல்ல, கிரௌன் அளவு. தாள் சுமார் 12க்கு 18 சென்டிமீட்டர். ஓரத்து வெற்றிடத்தை வெட்டிவிட்டால் எழுத்துப் பகுதி 7 அங்குலத் திரையில் கிட்டத்தட்ட அச்சின் அளவிலேயே உட்காரும். பிடிஎஃப் என்றாலே கிண்டில் ஆகாது என்று இவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது, திரையைக் குறுக்காகத் திருப்புவது. 7 அங்குலத் திரையின் நீளம் 142 மில்லிமீட்டர். ஏ4 பக்கத்தின் அகலம் அதில் 68 சதவீதமாக அமரும், 10.3 அங்குலக் கருவி தரும் அளவுக்கு இது மிக நெருக்கம். ஒரு பக்கத்துக்கு இரண்டு முறை திருப்ப வேண்டும், அவ்வளவுதான். ஒரே பத்தியாக ஓடும் நோட்ஸுக்கு இது போதும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பாடப்புத்தகப் பக்கங்களுக்கு உதவாது: இடப் பத்தியைக் கீழே வரை படித்துவிட்டு மறுபடி மேலே ஏற வேண்டும், இ-இங்க் திரையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு மினுக்கல். பத்து பக்கத்தில் பொறுமை போய்விடும்.

படி 3: பிடிஎஃப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்

"இபப்பாக மாற்றிக்கொள்ளலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தமிழில் அது கோப்பின் பிறப்பைப் பொறுத்தது. சோதனை இதுதான்: போனில் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

வரி அப்படியே தமிழாக வந்தால் நல்ல யூனிகோடு கோப்பு. காலிபர் மென்பொருளில் இபப்பாக மாற்றலாம். பக்க எண்ணும் தலைப்பு வரியும் நடுநடுவே வந்து விழும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

தமிழாகவே வந்து, ஆனால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றால், அல்லது "கொ" உடைந்து மூன்று துண்டாக வந்தால், யூனிகோடில் தட்டிய கோப்பு பிடிஎஃப் ஆகும்போது எழுத்து வரிசை கெட்டிருக்கிறது. மாற்றினால் 300 பக்கமும் அப்படித்தான் வரும். மூலக் கோப்பு யாரிடமாவது இருந்தால் அதைக் கேட்டு வாங்குவதே வழி.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துரு. டிடிபி கடைகளில் தட்டிய நோட்ஸில் இது இன்னும் சாதாரணம். எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடித்து யூனிகோடு மாற்றியில் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

எதையும் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம், அதாவது ஸ்கேன். கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும். பத்து இருபது பக்கத்துக்குச் சரி. முழுப் புத்தகத்தைப் பிழை திருத்தி முடிப்பதற்குள் அதையே இரண்டு முறை படித்திருக்கலாம். ஸ்கேனைப் படமாகவே வைத்துக்கொண்டு ஓரம் வெட்டி, வரிகளைச் சிறு திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கும் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எழுத்தை அது வாசிப்பதில்லை, கறுப்பு வெள்ளைத் துண்டுகளாகவே பார்க்கிறது. அதனால் எந்த மொழிக்கும் ஒத்துவரும். ஒரே பத்தி நூல்களுக்கு நல்ல பலன் தரும். அட்டவணை வந்தால் சொதப்பும். முழு நூலுக்கு முன் பத்துப் பக்கம் ஓட்டிப் பாருங்கள்.

ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலுக்கு இபப், ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்கள் வைத்திருக்கிறார்கள். ரீடரில் இபப்பையே எடுங்கள். எழுத்துரு தகராறு செய்யும் பழைய கருவி என்றால் 6 அங்குல பிடிஎஃப் கைகொடுக்கும்.

படி 4: எங்கே, எந்த வெளிச்சத்தில் படிப்பீர்கள்?

இ-இங்க் திரைக்குள் நுண்ணிய குமிழ்கள், அவற்றுக்குள் தெளிந்த திரவத்தில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்னூட்டம் கொடுத்தால் வெள்ளை மேலே வரும் அல்லது கறுப்பு மேலே வரும். அதன் பிறகு மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும். பக்கம் திருப்பும்போது மட்டும் செலவு. திரை தானாக ஒளிர்வதில்லை, மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஆக, வெயில் ஏற ஏற எழுத்து தெளிவாகும். டேப் இதற்கு நேர்மாறு: பின்னாலிருந்து வரும் அதன் விளக்கு சூரியனோடு போட்டி போட வேண்டும்.

மெட்ரோவில் விம்கோ நகர் போகிறவர்கள் இதைத் தினமும் பார்க்கலாம். தண்டையார்பேட்டை வரை சுரங்கத்துக்குள் டேப் அருமையாகத் தெரியும். வண்டி மேலே ஏறியதும் ஜன்னல் வெயில் திரையில் விழுந்து, படிப்பவரின் முகமே கண்ணாடி மாதிரி தெரியும். கும்மிடிப்பூண்டி லோக்கலில் கிழக்கு ஜன்னலும், காசிமேடு பக்கம் கடலோரமும் அப்படித்தான். மேட் ஃபிலிம் ஒட்டினால் பிரதிபலிப்பு குறையும், திரையின் வெளிச்சம் அதிகரிக்காது. எழுத்தில் லேசான மணல்தன்மையும் வரும்.

எடையும் இங்கேதான் பேசும். சாதாரணக் கிண்டில் 158 கிராம், பேப்பர்ஒயிட் 211 கிராம். 11 அங்குல டேப் 480 கிராம் அளவில் வரும், கவர் போட்டால் இன்னும் ஏறும். நின்றுகொண்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பேசின் பிரிட்ஜ் சிக்னலில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் சேர்த்து அரை மணி நேரம் படிக்க வேண்டுமென்றால், 211 கிராம் பிடிக்கலாம், 480 கிராம் முடியாது. 8.7 அங்குல டேப் 330 கிராம் அளவு. இரண்டுக்கும் நடுவே என்று வாங்குவார்கள். பிடிஎஃப்புக்கு அது 54 சதவீதம்தான் தரும், வெயிலுக்கும் ஆகாது. படிப்பதற்காக மட்டும் என்றால் இந்த அளவை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

மேசை, நாற்காலியில் படிப்பவர்களுக்கு எடை பொருட்டல்ல. கொளத்தூர் அகரத்தில் உள்ள முதல்வர் படைப்பகம் போன்ற படிப்புக் கூடங்களில் உட்கார்ந்து தேர்வுக்குத் தயாராகிறவர் டேப்புக்கு ஒரு ஸ்டாண்டு வாங்கினால் போதும்.

கண் விஷயம் சுருக்கமாக. டேப்பில் படித்தால் பார்வை கெட்டுப்போகும் என்பது மிகை. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் வறள்வதும், இருட்டில் திரை மட்டும் பளீரென்று எரிவதும்தான் பெரும்பாலான சிரமத்துக்குக் காரணம். இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படிப்பவருக்கு ரீடரின் மஞ்சள் கலந்த முன்விளக்கு இதமாக இருக்கும். டேப்பிலும் வெளிச்சத்தை வெகுவாகக் குறைத்து, திரையை மஞ்சளாக்கி வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் குழந்தை தூங்கும் ஒற்றை அறை வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

படி 5: தமிழ் எப்படித் தெரிகிறது என்று சோதியுங்கள்

கிண்டில் கடையில் தமிழ் 2016 டிசம்பரில் வந்தது. இப்போதைய கிண்டில்களில் தமிழ் எழுத்து உடையாமல் வரும். மற்ற ரீடர்களில், குறிப்பாக இறக்குமதியாக வருபவற்றில், கொம்பு இடம் மாறி நிற்கும் ஆபத்து இருக்கிறது. வாங்குமுன் உங்கள் இபப் ஒன்றை ஏற்றி "கொடுத்தானென்றும்", "க்ஷேத்திரம்", "ஸ்ரீ" ஆகிய சொற்கள் உள்ள பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்த மூன்றும் சரியாக வந்தால் மற்றதும் வரும்.

தமிழ்ச் சொற்கள் நீளம். "வந்துகொண்டிருக்கிறார்களென்று" என்பது ஒரே சொல். 6 அங்குலத் திரையில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். இருபக்கமும் சமன் செய்யும் அமைப்பில் சொற்களுக்கு நடுவே ஆறு ஓடுவதுபோல வெற்றிடம் விழும். இரண்டு வழி: வரிச் சீரமைப்பை இடப்பக்கம் மட்டும் என்று மாற்றுங்கள்; முடிந்தால் 7 அங்குலம் வாங்குங்கள். ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்கு 6 அங்குலம் போதும். தமிழுக்கு அந்த ஒரு அங்குலம் காசு பெறும்.

எழுத்துரு மெலிவாகத் தோன்றினால் கிண்டிலை யுஎஸ்பியில் கணினியோடு இணைத்து, அதில் உள்ள எழுத்துருக் கோப்புறையில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைப் போடுங்கள். வழக்கமான, தடித்த வடிவம் இரண்டையும் போட வேண்டும், இல்லையென்றால் தலைப்புகள் வேறு எழுத்துருவுக்குத் தாவும்.

சொந்தக் கோப்பை அனுப்பும்போது வரும் தொல்லை ஒன்று: இபப்பின் மொழிக் குறிப்பு காலியாகவோ "ஆங்கிலம்" என்றோ இருப்பது. கிண்டிலுக்கு அனுப்பினால் சில சமயம் பிழை என்று திரும்பி வரும், சில சமயம் கட்டம் கட்டமாகத் தெரியும். காலிபரில் நூலின் விவரத்தைத் திறந்து, மொழி என்ற இடத்தில் தமிழ் என்று மாற்றி, மறுபடி இபப்பாகவே ஒரு முறை மாற்றி அனுப்புங்கள். இணையப் பக்கம் வழியாக அனுப்பினால் ஒரு கோப்பு 200 எம்பி வரை போகும், மின்னஞ்சலில் 50 எம்பி.

படி 6: எதை வாங்குவது

ரீடர் பக்கம் வந்தவர்களுக்கு: 300 பிபிஐ (ஓர் அங்குலத்தில் 300 படப்புள்ளி), மஞ்சள் வெளிச்சம், நீர்ப் பாதுகாப்பு மூன்றும் இருக்கும் 7 அங்குலக் கருவி. பேப்பர்ஒயிட்டின் 12ஆம் தலைமுறை 2025இல் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். தள்ளுபடி நாட்களில் விலையை ஒப்பிட இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். 16 ஜிபி இடம் எழுத்து நூல்களுக்கு ஆயிரக்கணக்கில் காணும். கலர் இ-இங்க் மோகம் வேண்டாம்: இப்போது பரவலாக உள்ள கெலைடோ 3 திரையில் கறுப்பு வெள்ளை 300 பிபிஐ, கலர் 150தான். மேலே வண்ண வடிகட்டி இருப்பதால் தாள் சாம்பல் பூத்தும் தெரியும். பாடப்புத்தக வரைபடத்துக்குப் போதாது, நாவலுக்குத் தேவையில்லை.

"12 வாரம் நிற்கும்" என்று அமேசான் பேப்பர்ஒயிட்டுக்குச் சொல்லும் பேட்டரிக் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது தினம் அரை மணி நேரம், வை-ஃபை அணைத்து, விளக்கு 13ஆம் நிலையில் என்ற கணக்கு. 84 நாள், நாளுக்கு அரை மணி: மொத்தம் 42 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படித்தால் மூன்று வாரம். அப்படியும் டேப்பின் பத்து மணி நேரத்தைப் போல நான்கு மடங்கு. மழைக்காலத்தில் கரண்ட் போய் இரண்டு நாள் வராத தெருக்களில் இருப்பவர்கள் இதன் அருமை அறிவார்கள்.

இன்னொரு கணக்கு: 2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினிக்கு இறக்கி வைக்கும் வசதியை அமேசான் எடுத்துவிட்டது. அங்கே வாங்கும் நூல் பெரும்பாலும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கும். உங்கள் சொந்தக் கோப்புகளை யுஎஸ்பியில் ஏற்றத் தடையில்லை.

டேப் பக்கம் வந்தவர்களுக்கு: 10.5 அங்குலத்துக்குக் குறையாத திரை, 200 பிபிஐக்கு மேல், 4 ஜிபி ராமுக்குக் குறையாதது. கலர் நிறைந்த 80 எம்பி பாடநூலைத் திறந்து வேகமாகத் தள்ளிப் பாருங்கள். பக்கம் வெள்ளையாக நின்று பிறகு வந்தால் ராம் பத்தவில்லை. அடிக்கோடிட்டுப் படிப்பவர் பேனா சேர்ந்து வரும் மாடலைப் பார்க்கலாம். வாங்கியதும் ரீட்எரா போன்ற வாசிப்புச் செயலி ஒன்றைப் போட்டு ஓரம் வெட்டும் வசதியை இயக்குங்கள். ஏ4 பக்கத்தின் வெற்றிடம் போனாலே எழுத்து ஒரு புள்ளி பெரிதாகும். பிறகு அறிவிப்புகளை அணையுங்கள். சிம் போடும் மாடல் வேண்டாம். போனிலிருந்து தேவைப்படும்போது மட்டும் நெட் கொடுங்கள். படிக்க வாங்கிய டேப்பில் கிரிக்கெட் ஓடுவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

ஆண்ட்ராய்டு ஓடும் 10.3 அங்குல இ-இங்க் கருவிகள் இரண்டையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும். பிடிஎஃப்புக்கு உண்மையிலேயே நல்லவை. ஆனால் விலை டேப்பைத் தாண்டும், வீடியோ இழுக்கும், பல மாடல்கள் இறக்குமதி. பழுது பார்க்கும் இடம் இந்தியாவில் எங்கே என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வராமல் பணம் கட்டாதீர்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பிடிஎஃப்பிலேயே வாழும் வழக்கறிஞர், ஆய்வு மாணவர் போன்றவர்களுக்கு மட்டும் இது பொருந்தும்.

கண்புரை அறுவை செய்த பெரியவருக்கு வாங்குகிறீர்களா? நாவல் படிப்பவர் என்றால் 7 அங்குல ரீடரில் பெரிய எழுத்து வைத்துக் கொடுங்கள். நாளிதழ்தான் வேண்டும் என்றால் டேப். ஆண்ட்ராய்டு டேப்பில் தமிழை வாசித்துக் காட்டும் குரலும் உண்டு, அமைப்பில் தமிழ்க் குரலை ஒரு முறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் பேசும்.

பழைய கருவி வாங்குவதானால்

பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ தெரிந்தவரிடமோ, எங்கே வாங்கினாலும் பணம் கொடுக்குமுன் பத்து நிமிடச் சோதனை. கிண்டில் என்றால் விற்பவர் தன் கணக்கை உங்கள் முன்னாலேயே நீக்க வேண்டும். பிறகு உங்கள் கணக்கில் பதிவாகிறதா என்று அங்கேயே போன் ஹாட்ஸ்பாட்டில் பாருங்கள். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து சாய்த்துப் பிடித்தால், அசையாத கோடோ மூலையில் கறுப்போ இருந்தால் திரைக்குள் விரிசல். அதைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு பழைய கருவி வாங்கிவிடலாம். முன்விளக்கை முழுவதும் ஏற்றிக் கையால் மூடி இருட்டாக்கிப் பாருங்கள், ஓட்டைபோல ஒளிப்புள்ளி தெரிந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

டேப் என்றால் முழுவதுமாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். மறுபடி தொடங்கும்போது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கேட்டால் பூட்டிய கருவி, கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மேசைமேல் படுக்க வைத்தால் ஆடினாலோ, திரையின் ஓரம் தூக்கியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது.

வாங்கிய பிறகு எது கெடும், ஏன்

ரீடரில் அதிகம் உடைவது திரை. பெரும்பாலான இ-இங்க் திரைகளுக்கு அடித்தளம் மெல்லிய கண்ணாடி. மேலே கீறல் இல்லாமலே உள்ளே உடையும். கூட்டமான லோக்கலில் முதுகுப் பையில் டிபன் பாக்ஸின் மூலை அதன் மேல் அழுந்தினால் போதும். மடக்கும் தோல் கவர் இதற்குப் போதாது. முன்பக்கம் கெட்டியான கவர் போட்டு, பையின் முதுகு ஒட்டிய அறையில், திரை உங்கள் முதுகைப் பார்க்கும்படி வையுங்கள்.

முந்தைய பக்கத்தின் எழுத்து நிழலாகத் தெரிந்தால் பழுதல்ல, துகள்கள் முழுவதும் திரும்பவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் திரையைப் புதுப்பிக்கும் அமைப்பை இயக்கினால் போய்விடும், பேட்டரி சற்றுக் கூடுதலாகச் செலவாகும்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்றுதான் எதிரி. சார்ஜ் துளைக்குள் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்து, கேபிளை ஒரு கோணத்தில் வைத்தால்தான் ஏறும் நிலை வரும். ஊசி, பின் எதுவும் விடக் கூடாது. கருவியை அணைத்துவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

பேப்பர்ஒயிட்டின் நீர்ப் பாதுகாப்பு நல்ல தண்ணீரில் 2 மீட்டர் ஆழம், 60 நிமிடம். கடல்நீரில் கால் மீட்டர், 3 நிமிடம்தான். அலை தெறித்தால் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, முழுவதும் காய்ந்த பிறகே சார்ஜ். சாதாரணக் கிண்டிலுக்கும் பெரும்பாலான மலிவு டேப்களுக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை. டிசம்பர் மழையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை போதும்; உறையோடு சேர்த்தே ரீடரின் தொடுதிரை வேலை செய்யும்.

சித்திரை, வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அலமாரியின் மேல்தட்டில் எதையும் வைக்காதீர்கள். இத்தகைய கருவிகளுக்குப் பயன்பாட்டு வெப்பம் 35 டிகிரி வரை என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், நம் வெயில் அதை காலை பத்து மணிக்கே தாண்டும். டேப்பை எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைத்தால் இந்த வெக்கையில் பேட்டரி சீக்கிரம் உப்பும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். ரீடரில் ஆபத்து வேறு: தேர்வு முடிந்தது என்று பூஜ்யத்தில் விட்டு ஐந்தாறு மாதம் பீரோவில் போட்டால் பேட்டரி அப்படியே செத்துவிடும். பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ஏற்றுங்கள்.